திகிரியும் கையும்: மைசூர் வட்டார மட்கலங்கள் சொல்லும் வரலாறு

பண்டைய மரபைத் தழுவிச் சக்கரத்தில் வனையப்பட்டவை என்னும் விளக்கத்துடன் தென்னிந்திய நகரங்களின் கலைக்கூடங்களில் இன்று மட்கலங்கள் உருவாகின்றன. பண்டைய மரபும் சக்கரமும் ஒன்றே என்னும் எண்ணம் இவ்விளக்கத்தில் மறைந்துள்ளது. பழைய மைசூர் நாட்டின் அகழாய்வுகள் அதனை ஏற்பதில்லை.

மைசூருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், காவிரியும் கபினியும் கூடும் இடத்தில் உள்ளது தி. நரசிபுரம். 1959-60 பருவத்தில் தொடங்கி எம். சேஷாத்திரி தலைமையில் மைசூர்ப் பல்கலைக்கழகம் இங்கு அகழாய்வு நடத்தியது. புதிய கற்கால அடுக்குகளில் கிடைத்த சாம்பல் நிற மட்கலங்கள் பெரும்பாலும் கையால் செய்யப்பட்டு மெருகிடப்பட்டவை. சுடுமண்ணாலான தலையணையும் இங்குக் கிடைத்தது. அத்தகைய வடிவம் சக்கரத்தில் பிறப்பதன்று.

இம்மாற்றத்தின் அடுத்த கட்டங்களைச் சித்திரதுர்க்கா மாவட்டத்துப் பிரம்மகிரியில் காணலாம். 1947இல் அங்கு அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் மூன்று பண்பாட்டு அடுக்குகளைப் பிரித்தறிந்தார். கீழே கற்கோடரிப் பண்பாடு. அதன் கலங்களில் பெரும்பாலானவை கையால் ஆனவை. நடுவே பெருங்கற்காலம், அதன் கறுப்பு-சிவப்புக் கலங்கள் மெதுவாகச் சுழலும் சக்கரத்தில் உருப்பெற்றுப் பின் கையால் மெருகேற்றப்பட்டவை. மேலே அவர் ஆந்திரப் பண்பாடு என அழைத்த அடுக்கு. விரைந்து சுழலும் சக்கரத்தின் கலங்கள் அங்கேதான் மிகுகின்றன. வீலர் கணித்த காலங்களைப் பிந்தைய கரிமக் கணிப்புகள் வெகுவாக முன்னே தள்ளின. அடுக்குகளின் வரிசை மாறவில்லை.

இன்றைய கலைஞர்கள் பெரிதும் விரும்பும் கறுப்பு-சிவப்புக் கலத்தின் அழகு எங்கிருந்து வருகிறது? கலத்தைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் புகாத உட்புறமும் விளிம்பும் கறுக்கின்றன. காற்றுப்படும் வெளிப்புறம் சிவக்கிறது என்பது பொதுவான விளக்கம். அதன் பளபளப்பும் கண்ணாடிப் பூச்சன்று. ஈரம் உலரும் பதம் அறிந்து கூழாங்கல் போன்ற வழவழப்பான பொருளால் தேய்த்துப் பெற்ற மெருகு. நிறத்தைத் தந்தது சூளை. பளபளப்பைத் தந்தது கை.

இலக்கியமோ சக்கரத்தையே முன்னிறுத்துகிறது. புறநானூற்று 228ஆம் பாடல், சோழன் கிள்ளிவளவனுக்குத் தாழி வனைய நிலத்தைத் திகிரியாகவும் மலையை மண்ணாகவும் கொள்ள இயலுமா எனக் குயவனைக் கேட்கிறது. திகிரி என்னும் இச்சொல், குயவனின் சக்கரத்தைக் குறிக்கும் கன்னடத் 'திகுரி'யோடு உறவுடையது. தமிழில் அச்சொல் ஆணைச் சக்கரமாகவும் தேர்ச்சக்கரமாகவும் விரிந்தது. கன்னடத்தில் குயவனிடமே நின்றது. ஆயினும் ஈமத்தாழி போன்ற பெருங்கலம் திகிரியில் ஒரே வீச்சில் எழுவதன்று. மண் திரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, உள்ளே கல்லைத் தாங்கி, வெளியே மரப்பலகையால் தட்டித்தான் அத்தகைய கலங்களை வளர்ப்பர். பாடல் திகிரியை நினைவில் வைத்தது. பானை ஓடு கையை நினைவில் வைத்திருக்கிறது.

இவ்வேறுபாடு கலைச்சொல் பற்றியது மட்டுமன்று. இந்தியாவின் பல குயவர் சமூகங்களில் பெண்கள் சக்கரத்தைத் தொடக்கூடாது என்னும் விலக்கு உண்டு. மண் பதப்படுத்தல், செங்காவி பூசல், மெருகிடல், சூளை அடுக்கல் ஆகியவற்றில் அவர்களின் உழைப்பு மிகுதி. மரபைச் 'சக்கரத்தில் வனைதல்' என்று மட்டும் பெயரிட்டால் அவ்வுழைப்பு வரலாற்றிலிருந்து நழுவிவிடும்.

1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் நிறுவிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி, உயர்வெப்பத்தில் சுட்ட பூச்சுக் கலங்களைத் தென்னிந்தியக் கலைஞர்களிடையே பரப்பியது. 1,200 பாகை செல்சியசைக் கடந்து சுடப்படும் அக்கலங்கள் தொல்கலங்களினும் வேறான தொழில்நுட்பத்தின் பயன். அது குறையன்று, புதிய கலை தன் பெயரிலேயே நிற்கலாம். தொல்மரபின் வழிவந்ததாகக் கூறிக்கொள்ளும் கலமோ வடிவத்தை மட்டும் கடன்வாங்கினால் போதாது. கவிழ்த்துச் சுடும் முறையும், மெருகிடும் பதமும், தட்டி வளர்க்கும் கையும் உடன்வர வேண்டும். அருங்காட்சியகப் பெயர்ப்பலகையில் 'சக்கரத்தில் வனைந்தது' என எழுதுமுன் ஓட்டின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தல் ஆய்வாளர் கடன். தட்டிய தடமும் விரல் தடமும் அங்கே இருக்கக்கூடும்.