தோட்டப்புறத்தில் கருக்காப்பு: கொசு ஒழிப்பிலிருந்து ஹார்மோன் சிகிச்சை வரை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் பயிரிடுவதற்காக மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலக் குன்றுப்புறக் காடுகள் அழிக்கப்பட்டபோது, நிழல் நீங்கி வெயில் பட்ட சிற்றோடைகளிலும் ஊற்றுக்கசிவுகளிலும் அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் என்னும் கொசு பெருகி, தமிழகத்திலிருந்து வந்து லயங்கள் எனப்பட்ட தோட்டக் குடியிருப்புகளில் குடியேறியவர்களிடையே மலேரியாவைப் பரப்பியது. கடுங்காய்ச்சலாலும், நச்சுக்கொடியில் தங்கும் மலேரியா ஒட்டுண்ணியாலும், கொக்கிப்புழு உண்டாக்கும் இரத்தசோகையாலும் கருவுக்கு நேரும் கேடு வெப்பமண்டலத் தோட்டங்கள் அனைத்துக்கும் பொதுவானது. மலேரியாவும் கொக்கிப்புழு நோயும் இலங்கைக் கர்ப்பிணிகளைத் தாக்கிய முறையை மருத்துவர் விக்ரமசூரிய 1937இல் தனிநூலாகவே வெளியிட்டார். ஆகவே, ஓடைகளில் எண்ணெய் தெளித்தது, அடிமண் வடிகால் அமைத்தது, டிரெசர் எனப்பட்ட தோட்ட மருத்துவ உதவியாளர் கொய்னா வழங்கியது ஆகியவற்றையும் கருக்காப்பு வரலாற்றின் முதற்பகுதியாகக் கொள்வது பொருந்தும்.

அதே காலத்தில் மேலைநாட்டு ஆய்வுக்கூடங்களில் வேறொரு வழி உருவானது. சினைமுட்டை வெளியேறியபின் சூலகத்தில் உருவாகும் மஞ்சள் உடலம் என்னும் சுரப்பியே கருப்பையைக் கருவுக்கு ஏற்றதாக்குகிறது என்பதை 1929இல் கார்னரும் ஆலனும் முயல்களைக் கொண்டு நிறுவினர். அதன் சுரப்பான புரோஜெஸ்ட்ரோன் 1934இல் தனித்துப் பிரிக்கப்பட்டது. நச்சுக்கொடி அப்பணியை ஏற்கும்வரை, அதாவது ஏறத்தாழ ஏழாம் வாரம்வரை, கரு இச்சுரப்பையே சார்ந்திருப்பதால், குறையும் ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தால் கரு நிலைக்கும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. ஆனால் 1940களில் பாஸ்டனில் ஸ்மித் இணையர் பரிந்துரைத்த டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஈஸ்ட்ரோஜன், 1953இல் சிகாகோவில் நடந்த டீக்மன் சோதனையில் பயனற்றதெனத் தெரிந்த பின்னரும் கொடுக்கப்பட்டு வந்தது. தாய்மார் உட்கொண்ட அம்மருந்தால் மகள்களுக்கு அரிய வகைப் பிறப்புறுப்புப் புற்றுநோய் ஏற்பட்டமை 1971இல் வெளிப்பட்டது.

இப்பேரிடருக்குப் பின் ஆய்வு மீண்டும் புரோஜெஸ்ட்ரோன் குடும்பத்தின் மீதே நிலைகொண்டது. 1960களின் தொடக்கத்தில் நெதர்லாந்திலிருந்து வந்த டைட்ரோஜெஸ்ட்ரோன் என்னும் வாய்வழி மாத்திரையை மலேசிய மருத்துவர்கள் நேரடியாகச் சோதித்தனர். கருப்பைவாய் திறவாத நிலையில் உதிரப்போக்கு மட்டும் தோன்றிய 154 பெண்களிடம் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தினர் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் 40 மில்லிகிராமும் பின்னர் நாளிருமுறை 10 மில்லிகிராமும் பெற்றவர்களில் 95.9 விழுக்காட்டினரின் கர்ப்பம் தொடர்ந்தது. ஓய்வு முதலான வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் அது 86.3 விழுக்காடு. 2009இல் மலேசிய மருத்துவர் பாண்டியன் வெளியிட்ட ஆய்வில் மருந்து பெற்றவர்களிடையே கருச்சிதைவு 12.5 விழுக்காடாகவும் மற்றவர்களிடையே 28.4 விழுக்காடாகவும் இருந்தது. எனினும் இவ்விரண்டிலும் ஒப்பீட்டுக்கு வெற்று மாத்திரை தரப்படவில்லை. பிரிட்டனில் 4,153 பெண்களிடம் வெற்று மருந்துடன் ஒப்பிட்டு நடத்தப்பட்டு 2019இல் வெளியான பிரிசம் சோதனையில், யோனிவழிப் புரோஜெஸ்ட்ரோனால் உயிருள்ள மகப்பேறு 72இலிருந்து 75 விழுக்காடாக மட்டுமே கூடியது. ஆனால் முன்பு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை கருச்சிதைவுற்றவர்களிடம் அது 57இலிருந்து 72 விழுக்காடாக உயர்ந்தது. தொடக்கக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழப் பாதி குரோமோசோம் பிறழ்ச்சியால் நேர்வதாலும், அவற்றை எந்த ஹார்மோனும் தடுக்க இயலாது என்பதாலும், பயன் இவ்வாறு ஒரு பிரிவினரிடம் குவிவது வியப்பன்று.

சிகிச்சையின் எல்லை இவ்வாறு தெளிவடைந்த நிலையில், தோட்டப்புறத்துக்குரிய வினா மருந்தைவிடக் காலத்தையே பெரிதும் பற்றியது. உதிரம் கண்டவுடன் ஸ்கேன் மூலம் கருவின் இதயத்துடிப்பை உறுதிசெய்வதும் முந்தைய இழப்புகளை மருத்துவர் கேட்டறிவதும் நிகழ்ந்தாலே இம்மருந்து உரியவரைச் சென்றடையும். அதற்கு, பால்மரத் தோட்டத்திலோ செம்பனைத் தோட்டத்திலோ வேலை செய்யும் பெண் அன்றைய கூலியை விட்டுச் சிரம்பானிலோ கோலப்பிலாவிலோ உள்ள மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டியுள்ளது. மலேசிய வேலைவாய்ப்புச் சட்டத்தின் பேறுகால விடுப்பு 2023 முதல் 98 நாளாக உயர்ந்தபோதிலும், 22 வாரங்களுக்கு முன் கலையும் கரு அச்சட்டத்தின் மகப்பேறு வரையறைக்குள் அடங்குவதில்லை. ஹார்மோன் பயன்தரும் வாரங்கள் அனைத்தும் சட்டம் காணாத இப்பகுதியிலேயே அமைவதால், முற்காலத்தில் வடிகால் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்ததுபோல, தொடக்கக் கர்ப்பகால மருத்துவ விடுப்பும் போக்குவரத்தும் அப்பொறுப்பில் சேர்ந்தாலன்றி, மாத்திரையால் மட்டும் இவ்விழப்பு குறையாது.