புதுச்சேரியின் வண்ணத்துணியும் நீலத்துணியும்: கைவினை அறிவு, சந்தை, நிலைத்த தன்மை – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

புதுச்சேரியின் இன்றைய கைவினைக் கூடங்கள் இயற்கைச் சாயத்தையும் கைத்தறியையும் நிலைத்த படைப்பாக்கத்தின் அடையாளங்களாக முன்வைக்கின்றன. இந்நகரிலிருந்து 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஏற்றுமதியான வண்ணந்தீட்டிய துணி, ‘கினே’ எனப்பட்ட நீலத்துணி ஆகிய இரண்டின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை அக்கருத்தை ஆராய்கிறது. இயற்கைப் பொருளும் கைத்திறனும் இருந்தும் அத்தொழில்கள் நிலைபெறவில்லை. வடிவமைப்பு, தரம், விலை ஆகியவற்றைத் தீர்மானிக்கும் உரிமை கைவினைஞரிடம் இல்லாமையே அதற்கு முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, கைத்தறி, சாயவேர், அவுரி, கினே, கைவினைஞர்.

முன்னுரை

புதுச்சேரித் துணித்தொழிலின் வரலாற்றை அரிக்கமேட்டிலிருந்து தொடங்குவது வழக்கம். 1945இல் அங்கு அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலர், வெளிப்பட்ட செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயமேற்றும் தொட்டிகளாகக் கருதினார். அவருடைய ஊகமாக இருந்த இக்கருத்து, பின்னர் எழுதப்பட்ட பல நூல்களில் முடிந்த முடிபாகவே இடம்பெற்றுவிட்டது. இக்கட்டுரை அத்தொன்மையைத் தொடாமல், சாயமேற்றும் முறையை விளக்கும் எழுத்துச் சான்றுகள் கிடைக்கும் பிரெஞ்சுக் கம்பெனிக் காலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அக்காலச் சான்றுகள் தொழில்நுட்பத்தை நுணுக்கமாகச் சொல்கின்றன. தொழில் செய்தவரைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கின்றன. இவ்வேறுபாடே இவ்வாய்வின் தொடக்கப்புள்ளி.

கம்பெனியும் தறியும்

1664இல் உருவான பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சுவா மர்த்தேன் 1674இல் புதுச்சேரியில் குடியேற்றத்தை நிறுவினார். சோழமண்டலக் கரையில் கம்பெனிகள் தேடிவந்த முதன்மைச் சரக்கு பருத்தித் துணியே. எனவே நெசவாளரை நகருக்குள் குடியமர்த்துவது ஆட்சியாளரின் அக்கறையாயிற்று. 1693 முதல் 1699 வரை நகரைக் கைப்பற்றியிருந்த டச்சுக்காரர் வரைந்த நகர்ப்படங்களிலும் நெசவாளர் குடியிருப்புகள் இடம்பெறுகின்றன.

கொள்முதல் முன்பண முறையில் நடந்தது. கம்பெனி வணிகரிடம் ஒப்பந்தம் செய்யும். வணிகர் நெசவாளருக்கு முன்பணம் தருவர். நெய்து வந்த துணி கம்பெனிப் பண்டசாலையில் தரம் பிரிக்கப்படும். தரத்தில் குறைந்தது கழிக்கப்படும். ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) பரங்கிப்பேட்டையில் பிரெஞ்சுக்காரரின் நெசவு, சாயத் தொழிலை மேற்பார்த்தவர். பின்னர் துய்ப்ளேக்சின் துபாசியாக இருந்தவர். 1736இல் தொடங்கும் அவருடைய நாட்குறிப்பில் துணி ஒப்பந்தங்களும் வணிகரின் பேரங்களும் விரிவாகப் பதிவாகியுள்ளன. துணியின் நீளம், அகலம், இழை நெருக்கம், நிறம் ஆகியவற்றை வாங்குபவரே வரையறுத்தார். கழிக்கப்பட்ட துணியின் இழப்பு இறுதியில் நெசவாளர் மீதே விழக்கூடியதாக இருந்தது.

வண்ணத்துணி: ஏட்டில் ஏறிய அறிவு

பிரான்சு தன் உள்நாட்டுத் தொழிலைக் காக்க 1686இல் வண்ணத்துணி இறக்குமதிக்குத் தடை விதித்தது. அத்தடை 1759இல்தான் நீங்கியது. அதற்கிடைப்பட்ட காலத்தில், தடை செய்யப்பட்ட அத்துணியின் இரகசியத்தை அறியும் முயற்சிகள் புதுச்சேரியில் நடந்தன. அவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, ஏறத்தாழ 1734இல் பொலியோ என்ற கடற்படை அதிகாரி எழுதிய கையெழுத்துப்படி. வேதியியலாளர் துய்ஃபேயின் வேண்டுகோளின்படி அவர் புதுச்சேரியில் துணி தீட்டும் முறையை நேரில் கண்டு, ஒவ்வொரு படிநிலையிலும் துணியின் ஒரு துண்டை எடுத்துச் சேர்த்து அனுப்பினார். அவருடைய ஏடு பாரிசில் பாதுகாக்கப்படுகிறது. இரண்டாவது, சேசு சபைத் துறவி கேர்து 1742இல் எழுதிய கடிதம். தொழிலறிந்த புதுக்கிறித்தவர் சிலரிடம் கேட்டறிந்தவற்றை அவர் அதில் விளக்கினார். சாயவேர், கடுக்காய் முதலியவற்றின் தமிழ்ப் பெயர்கள் அவருடைய பிரெஞ்சு உரைநடையில் ஒலிபெயர்ப்பாக இடம்பெறுகின்றன.

இச்சான்றுகளிலிருந்து அறியப்படும் செய்முறை வருமாறு. வெளுத்த துணி கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைக்கப்படும். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடிக்கும். பாலின் கொழுப்பு கோடு பரவாமல் தடுக்கும். துளையிட்ட தாளின் மீது கரித்தூளைத் தட்டிப் படத்தின் வரைவு துணியில் இறக்கப்படும். புளித்த கஞ்சியில் இரும்பை ஊறவைத்த கரைசலால் கறுப்புக் கோடும், படிகாரக் கரைசலால் சிவப்பாக வேண்டிய இடமும் மூங்கில் எழுதுகோல் கொண்டு தீட்டப்படும். பின் துணியைச் சாயவேர் நீரில் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். நீலம் ஏற வேண்டிய இடம் தவிர மற்ற பகுதி தேன்மெழுகால் மூடப்பட்டு, துணி அவுரித் தொட்டியில் தோய்க்கப்படும். இடையிடையே வெளுப்பும் வெயிலும் தேவை. இம்பூறல் எனப்படும் செடியின் வேரே சாயவேர்.

இது வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் வழங்கிவந்த வேதியியல் அறிவு. அது ஏட்டில் ஏறியபோது பொருளின் பெயரும் அளவும் பதிவாயின. தீட்டியவர் பெயர் பதிவாகவில்லை. தடை நீங்கிய பின் பிரான்சில் துணி அச்சிடும் தொழில் விரைந்து வளர்ந்தது. ஒபெர்காம்ப் 1760இல் ழூயியில் தொடங்கிய தொழிற்கூடம் அதன் புகழ்பெற்ற சான்று. இந்தியத் துணியின் சாயமும் கோலமும் ஐரோப்பியத் தொழிலுக்கு முன்மாதிரியாயின. அறிவு கைமாறியது, அதற்கான பயன் அறிவுக்குரியவருக்குக் கிட்டவில்லை.

நீலத்துணியின் பயணம்

வண்ணத்துணி அழகுக்காக வாங்கப்பட்டது. கினே எனப்பட்ட நீலத்துணியோ நாணயத்துக்கு நிகராகப் பயன்பட்டது. கைத்தறியில் நெய்து அவுரியில் பலமுறை தோய்த்த இத்துணியைப் பிரெஞ்சு வணிகர் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். முதலில் அடிமை வணிகத்திலும், பின்னர் செனகல் ஆற்றங்கரையில் கருவேலம் பிசினுக்கான பண்டமாற்றிலும் அது புழங்கியது. அங்குள்ள நுகர்வோர் நிறத்தாலும் தொடுவுணர்வாலும் மணத்தாலும் புதுச்சேரித் துணியை அடையாளம் கண்டனர். ஐரோப்பியப் போலிகள் அவர்களிடம் எளிதில் எடுபடவில்லை. கைவினைத் தரத்துக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

அப்பிசின் ஐரோப்பாவில் துணி அச்சிடும் சாயத்தைக் கெட்டிப்படுத்தப் பயன்பட்டது. அதாவது, புதுச்சேரி நெசவாளரின் நீலத்துணி ஈட்டிய பிசின், சோழமண்டல வண்ணத்துணிக்குப் போட்டியாக எழுந்த தொழிலுக்கு மூலப்பொருளாயிற்று. தம் துணி எங்குச் செல்கிறது, எதற்கு ஈடாகிறது என்பதில் தறியில் இருந்தவருக்கு எந்த உரிமையும் இல்லை. 1843இல் பிரெஞ்சு அரசாணை செனகலுக்கு அனுப்பப்படும் நீலத்துணியின் அளவையும் எடையையும் வரையறுத்தது. தரம் காக்கும் நடவடிக்கைகூட வணிகத்தின் தேவையிலிருந்தே எழுந்தது.

தறியிலிருந்து ஆலைக்கு

1820களின் இறுதியில் புதுச்சேரியில் நூற்பாலைகள் தோன்றின. சவானா ஆலை அக்காலத்தது. 1898இல் ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை எழுந்தது. நீலத்துணி ஆலையிலும் நெய்யப்பட்டது. 1897இல் செயற்கை அவுரி செர்மனியிலிருந்து சந்தைக்கு வந்தபின் அவுரிப் பயிரும் வீழ்ந்தது. தறியை விட்டவர் ஆலைக்கூலி ஆயினர். அவர்களுடைய உரிமைக்குரல் 1936 சூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டைச் சந்தித்தது. தொழிலாளர் 12 பேர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. கைவினைஞராக இருந்தபோது கிட்டாத பேசும் உரிமை, தொழிலாளராகச் சங்கம் சேர்ந்தபோதுதான் ஓரளவு கிட்டியது என்பது கருதத்தக்கது. அரசுடைமையாகி நலிந்த ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலையும் 2020இல் மூடப்பட்டது.

இன்றைய கைவினைச் சொல்லாடல்

1959இல் தொடங்கிய ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமக் கைத்தாள் தொழிற்கூடம் பருத்தித் துணிக் கழிவிலிருந்து தாள் செய்கிறது. ஆரோவில் பகுதியில் அவுரியை நொதிக்கவைத்துச் சாயமேற்றும் முறை மீண்டும் கையாளப்படுகிறது. முத்தியால்பேட்டை போன்ற நெசவாளர் பகுதிகளின் மரபையும் கூட்டுறவுச் சங்கங்களையும் இவற்றுடன் சேர்த்தே பார்க்க வேண்டும். இம்முயற்சிகள் நீரையும் நிலத்தையும் காப்பதில் பயனுடையவை. ஆயினும் விற்பனைச் சீட்டில் வடிவமைப்பாளர் பெயரும் ‘இயற்கைச் சாயம்’ என்ற குறிப்பும் மட்டும் இருந்து, நெய்தவர், சாயமேற்றியவர் பெயர் விடுபடுமானால், பொலியோவின் ஏட்டில் நேர்ந்ததே மீண்டும் நேர்கிறது. வில்லியனூர்ச் சுடுமண் சிற்பம், திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மை ஆகியன பெற்றுள்ள புவிசார் குறியீடு, கைவினையை அதன் ஊரோடு இணைக்கும் ஒரு வழி. எனினும் அது ஊரின் பெயரையே காக்கிறது. தனிக் கைவினைஞரின் கூலியை அன்று.

முடிவுரை

வண்ணத்துணியும் நீலத்துணியும் இயற்கைப் பொருளால், கையால், உயர்ந்த திறனோடு உருவாயின. இன்று நிலைத்த படைப்பாக்கத்துக்குச் சொல்லப்படும் இலக்கணம் அனைத்தும் அவற்றில் இருந்தன. இருந்தும், வாங்குபவர் வேறிடம் நாடியபோது அவை மறைந்தன. எனவே ஒரு கைவினையின் நிலைத்த தன்மையைப் பொருளைக் கொண்டு மட்டும் அளப்பது போதாது. வடிவத்தை யார் தீர்மானிக்கிறார், இழப்பை யார் சுமக்கிறார், அறிவு யார் பெயரில் பதிவாகிறது என்ற மூன்று வினாக்களும் உடன் எழுப்பப்பட வேண்டும். இன்று எஞ்சியுள்ள நெசவாளர், சாயத் தொழிலாளர் ஆகியோரின் வாய்மொழி வரலாற்றை அவர்தம் ஒப்புதலோடும் பெயரோடும் தமிழில் தொகுப்பது, இத்துறை ஆய்வாளர் உடனே மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.