மறக்கத் தெரிந்த பெட்டி

அப்பா ஓட்டிய லாரியின் முன்கண்ணாடியோரம் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். கேன்ட்ரியைக் கடந்தால் ‘பீப்’. அப்பா உடனே மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பார். “கம்பெனிக் கார்டுதான்டா” என்பார், ஆனாலும் பார்ப்பார். அதில் செருகியிருந்த கேஷ்கார்ட் எவ்வளவு பெரிய முடிவு என்பது பொறியியல் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

தொடக்கத்தில் இயந்திரமே கிடையாது. 1975 ஜூன் 2 முதல், காலை வேளையில் சிங்கப்பூர் நகர மையத்துக்குள் காரில் நுழைய ஒரு நாளைக்கு 3 வெள்ளி. காகித உரிமத்தை வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். எல்லையில் நிற்கும் வார்டன்கள் கண்ணால் பார்ப்பார்கள். உரிமம் இல்லாத வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். காரில் நான்கு பேர் இருந்தால் கட்டணமில்லை. உடனே பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களை ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள் நம்மாட்கள்.

அந்த ஒரே உரிமத்தில் அன்று எத்தனை முறை வேண்டுமானாலும் நுழையலாம். பயன்பாட்டுக்கேற்ப வசூலிக்க ஒவ்வொரு நுழைவையும் எண்ண வேண்டும். அது கண்ணால் ஆகிற காரியமில்லை.

ஹாங்காங் முந்திக்கொண்டது. 1983 முதல் 1985 வரை சுமார் 2,500 வண்டிகளின் அடியில் மின்னணு எண்பலகை பொருத்தி, சாலைக்குள் கம்பிச் சுருள்களைப் புதைத்துச் சோதித்தார்கள். தொழில்நுட்பம் நன்றாகவே வேலை செய்தது. சிக்கல் பில்லில் இருந்தது. கட்டணம் மாதாமாதம் பில்லாக வரும் என்பது ஏற்பாடு. அப்படியானால் எந்த வண்டி, எங்கே, எப்போது என்று ஓரிடத்தில் எழுதிவைத்தாக வேண்டும். ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைக்க பிரிட்டன் கையெழுத்திட்டது 1984-இல். அந்தப் பட்டியல் நாளை யார் கைக்குப் போகும் என்று பயம் வராமல் இருக்குமா? வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, திட்டம் கைவிடப்பட்டது.

1998-இல் சிங்கப்பூர் கொண்டுவந்த மின்னியல் சாலைக் கட்டணத்தில் பில் இல்லை. காசு கார்டில், கார்டு வண்டியில். கேன்ட்ரியின் அடியிலேயே கணக்கு தீர்ந்துவிடும். காசு கழியாவிட்டால்தான் கேமரா வண்டி எண்ணைப் படம் பிடிக்கும். பெட்டிக்கென்று அடையாள எண் உண்டு, ஆகவே இதை முழு முகமூடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணம் வந்துசேர்ந்ததும் பதிவுகளை அழிப்பதுதான் நடைமுறை என்றது ஆணையம். இதை வடிவமைத்தவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. எதையும் அழிக்காமல் சேமித்துவை என்றுதான் எங்கள் தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

2023 நவம்பரில் புதிய பெட்டிகளைப் பொருத்தத் தொடங்கினார்கள். துணைக்கோளம் வழியாக வண்டி இருக்குமிடம் இதற்குத் தெரியும். ஓடிய தூரத்துக்குக் காசு வாங்கவும் இதனால் முடியும், ஆனால் அப்படி வசூலிக்கப்போவதாக அப்போது அரசாங்கம் அறிவிக்கவில்லை. என் நண்பர்கள் சண்டை போட்டதெல்லாம் பெட்டியைப் பயணியின் காலடியில் மாட்டுவதைப் பற்றித்தான். அது எதை, எத்தனை நாள் நினைவில் வைத்திருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

போன மாதம் நண்பனின் காரில் அப்பாவோடு போனேன். பீப் சத்தம் கேட்டதும் அப்பா எட்டிப் பார்த்தார்.

“கார்டு எங்கடா?”

“கார்டு வேணாம்பா. கணக்குல இருந்து நேரா கழிஞ்சிடும்.”

“அப்ப பில் வருமா?”