இரண்டு குலுக்கல்கள்: வெரோனா ஐரோப்பியக் கோப்பைக்குப் போன கதை

எங்கள் டீமில் ஒருவர் எழுதும் கோடை யார் ரிவ்யூ செய்வது என்று முன்பெல்லாம் லீட்தான் முடிவு செய்வார். "அவருக்கு வேண்டியவங்க கோடு மட்டும் சுலபமா பாஸ் ஆகுது" என்று ஒரு முணுமுணுப்பு இருந்துகொண்டே இருந்தது. உண்மையா பொய்யா என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் பத்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ரிவ்யூவரை ரேண்டமாகத் தேர்ந்தெடுக்க வைத்தோம். முணுமுணுப்பு நின்றுவிட்டது.

இதே வேலையை இத்தாலியக் கால்பந்து லீக் ஒரு சீசன் முழுக்கச் செய்து பார்த்தது. 1984-85. எந்த மேட்சுக்கு எந்த நடுவர் என்பதை அதிகாரிகள் முடிவு செய்யாமல் குலுக்கல் போட்டு எடுத்தார்கள். அந்த வருஷம் சாம்பியன் ஆனது யூவென்டஸ் இல்லை, இன்டர் இல்லை, ரோமா இல்லை. வெரோனா! அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, அந்த ஊர் சாம்பியன் ஆனதே இல்லை. அடுத்த சீசனில் குலுக்கல் முறையைக் கைவிட்டுவிட்டார்கள்.

இதைக் கேட்டதும் மனசு என்ன முடிவுக்குத் தாவும் என்று சொல்லத் தேவையில்லை. இத்தாலியிலும் பலர் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார்கள். "நடுவர்களைச் சரிக்கட்ட முடியாமல் போன ஒரே வருஷம், அதனால்தான் சின்ன ஊர் ஜெயித்தது." நானும் முதலில் அப்படியே நம்பினேன். கொஞ்சம் தோண்டிப் பார்த்தபோது கதை வேறு மாதிரி இருந்தது.

குலுக்கல் ஏன் வந்தது?

1980-ல் 'தோத்தோநேரோ' என்ற சூதாட்ட ஊழல் வெடித்தது. வீரர்களே பணம் வாங்கிக்கொண்டு மேட்ச் முடிவுகளை மாற்றினார்கள் என்ற வழக்கு. மிலான், லாத்ஸியோ என்ற இரண்டு பெரிய கிளப்புகளை இரண்டாம் பிரிவுக்கு இறக்கினார்கள். பாவ்லோ ரோஸி தடை பெற்றதும் இந்த வழக்கில்தான். தடை முடிந்து வந்து 1982 உலகக் கோப்பையை இத்தாலிக்கு வாங்கிக் கொடுத்தாரே, அதே ரோஸி.

அந்த ஊழலில் சிக்கியது வீரர்கள். ஆனால் சந்தேகம் என்பது ஒரு இடத்தில் நிற்காது இல்லையா? 1981 மே மாதம், பட்டத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்த யூவென்டஸும் ரோமாவும் டூரினில் மோதின. ரோமாவின் துரோனே போட்ட கோலை ஆஃப்சைடு என்று மறுத்தார்கள். மேட்ச் 0-0, பட்டம் யூவென்டஸுக்கு. மறுவருஷம் கடைசி நாளில் யூவென்டஸும் ஃபியோரென்டினாவும் சம புள்ளிகளில் இருந்தன. யூவென்டஸுக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்து 1-0 என்று ஜெயித்தது. இன்னொரு மைதானத்தில் ஃபியோரென்டினா போட்ட கோல் மறுக்கப்பட்டு 0-0. மறுபடியும் யூவென்டஸ், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில்.

இதெல்லாம் சதி என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் நடுவர் யார், அவரை யார் அனுப்பினார்கள் என்ற கேள்வி காபிக்கடை வரைக்கும் வந்துவிட்டது. அதற்கு பதில்தான் 1984-85 குலுக்கல்.

வெரோனா எங்கிருந்து வந்தது?

வெரோனா என்றால் நமக்கு ரோமியோ ஜூலியட் ஊர். மக்கள்தொகை சுமார் இரண்டரை லட்சம். வெனெத்தோ மாநிலத்தின் தலைநகர் வெனிஸ், இது இல்லை. 1929-ல் இத்தாலிய லீக் இன்றைய ஒரே பிரிவு வடிவத்துக்கு வந்ததிலிருந்து, மாநிலத் தலைநகராக இல்லாத ஓர் ஊர் பட்டம் வென்றது இந்த ஒருமுறைதான். கிளப்பின் பெயர் 'ஹெல்லாஸ்', அதாவது கிரேக்கம். 1903-ல் பள்ளி மாணவர்கள் சேர்ந்து ஆரம்பித்த கிளப். அவர்களுடைய கிரேக்க ஆசிரியர் சொன்ன பெயராம்.

1981-ல் பயிற்சியாளராக ஓஸ்வால்தோ பன்யோலி வந்தபோது கிளப் இரண்டாம் பிரிவில் இருந்தது. மிலானின் தொழிற்சாலைப் பகுதியான போவிஸாவில் பிறந்தவர் பன்யோலி. அளந்துதான் பேசுவார். விளையாட்டு எழுத்தாளர் ஜான்னி பிரேரா அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஷோபன்ஹவர்'. வந்த முதல் வருஷமே கிளப்பை முதல் பிரிவுக்கு ஏற்றினார்.

அதற்கு அப்புறம் வந்த வரிசையைப் பாருங்கள். 1982-83: புதிதாக ஏறி வந்த அணி, லீக்கில் நான்காம் இடம். அதே வருஷம் இத்தாலியக் கோப்பை இறுதி. முதல் மேட்சில் யூவென்டஸை 2-0 என்று அடித்துவிட்டு, இரண்டாவதில் கூடுதல் நேரத்தில் 3-0 என்று தோற்றார்கள். 1983-84: லீக்கில் ஆறாம் இடம், மறுபடியும் கோப்பை இறுதி, ரோமாவிடம் தோல்வி. யூஎஃபா கோப்பையில் பெல்கிரேடின் ரெட் ஸ்டாரை வெளியேற்றினார்கள்.

குலுக்கல் வருவதற்கு முந்தைய இரண்டு வருஷக் கணக்கு இது. வானத்திலிருந்து குதித்த அணி மாதிரியா இருக்கிறது?

வேண்டாம் என்றவர்களின் அணி

1984 கோடையில் உலகின் பெரிய வீரர்கள் எல்லாரும் இத்தாலிக்கு வந்தார்கள். மரடோனா நாப்போலிக்கு, ருமெனிகே இன்டருக்கு, சாக்ரடீஸ் ஃபியோரென்டினாவுக்கு, ஜூனியர் டொரினோவுக்கு. பிளாட்டினி யூவென்டஸிலும், ஃபால்காவ் ரோமாவிலும், ஜிகோ உதினேஸேயிலும் ஏற்கெனவே இருந்தார்கள். ஒரு கிளப்புக்கு இரண்டு வெளிநாட்டு வீரர்கள்தான் என்பது அப்போதைய விதி.

வெரோனா எடுத்த இரண்டு பேர்: பெல்ஜியத்தின் லோகரன் கிளப்பிலிருந்து டென்மார்க்காரர் பிரெபென் எல்கியர். கைசர்ஸ்லாட்டர்னிலிருந்து ஜெர்மானியர் ஹான்ஸ்-பீட்டர் பிரீகல். எல்கியர் சிகரெட் பிடிப்பவர், அந்த ஜூன் மாதம்தான் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் அரையிறுதி ஷூட் அவுட்டில் பெனால்ட்டியை வானத்துக்கு அடித்திருந்தார். பிரீகல் தடகளத்திலிருந்து கால்பந்துக்கு வந்தவர். உழவு மாடு மாதிரி உடம்பு, மேட்ச் முழுக்க ஓடுவார்.

மற்றவர்கள்? ஃபான்னாவும் கால்தெரிசியும் யூவென்டஸ் வேண்டாம் என்று விட்டவர்கள். கேப்டன் த்ரிசெல்லா இன்டர் விட்டவர். கோல்கீப்பர் கரெல்லா லாத்ஸியோவில் இருந்தபோது விட்ட சொதப்பல் கோல்களுக்கு 'கரெல்லாத்தா' என்று தனிச் சொல்லே உருவாக்கி வைத்திருந்தார்கள். மனிதர் பந்தைப் பாதி நேரம் காலால்தான் தடுப்பார். ஆனால் தடுத்துவிடுவார்.

முதல் மேட்ச், 16 செப்டம்பர் 1984. நாப்போலிக்கு எதிராக, மரடோனாவின் முதல் இத்தாலிய லீக் ஆட்டம். மரடோனாவைப் பிடிக்கும் வேலையை பன்யோலி பிரீகலிடம் கொடுத்தார். பிரீகல் அவரைப் பிடித்ததோடு நிற்காமல், தானே போய் முதல் கோலையும் போட்டார். 3-1.

அக்டோபரில் யூவென்டஸ். எல்கியர் இடது ஓரத்தில் பந்தோடு ஓடுகிறார். யூவென்டஸின் பியோலி (பின்னாளில் மிலானுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர்) காலைப் போட்டதில் எல்கியரின் வலது ஷூ கழன்றுவிடுகிறது. எல்கியர் நிற்கவில்லை. இன்னொரு ஆளையும் ஏமாற்றிவிட்டு, ஷூ இல்லாத காலாலேயே கோல் அடித்தார். மேட்ச் 2-0. சிண்ட்ரெல்லா கோல் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

பிப்ரவரியில் உதினேயில் 3-0 என்று முன்னால் இருந்தவர்கள் 3-3 வரை கோட்டை விட்டார்கள். சின்ன அணிகள் உடைவது இப்படி ஓர் இடத்தில்தான். வெரோனா அந்த மேட்சை 5-3 என்று ஜெயித்தது. 12 மே 1985, பெர்கமோவில் அத்தலாந்தாவுடன் 1-1. கோல் எல்கியர். ஒரு மேட்ச் மீதி இருக்கும்போதே பட்டம் உறுதியாகிவிட்டது.

மொத்தக் கணக்கு: 30 மேட்ச், 15 வெற்றி, 13 டிரா, 2 தோல்வி. போட்ட கோல் 42, வாங்கிய கோல் 19. வெற்றிக்கு இரண்டு புள்ளி என்ற அந்தக் காலக் கணக்கில் 43 புள்ளிகள். இரண்டாவது வந்த டொரினோவை விட நான்கு அதிகம்.

குலுக்கல்தான் காரணமா?

இந்த இடத்தில் என் தொழில் புத்தி குறுக்கே வருகிறது. ஒரே ஒரு சீசனை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் தர்க்கமாக ஒன்று சொல்லலாம். ரேண்டம் என்பது யாருக்கும் சாதகம் செய்யாது. ஒரு சார்பு ஏற்கெனவே இருந்தால் அதை எடுத்துவிடும், அவ்வளவுதான். ஷூ இல்லாமல் கோல் அடிக்கக் குலுக்கல் சொல்லித் தராது. முப்பது மேட்சில் 28-ஐத் தோற்காமல் முடிக்க வைக்காது.

"குலுக்கலால்தான் வெரோனா ஜெயித்தது" என்பதை ஒரு வாதத்துக்காக ஏற்றுக்கொண்டாலும், அது வெரோனாவைக் குறைத்துச் சொல்லும் வாக்கியம் இல்லை. மற்ற வருஷங்களைப் பற்றிய குற்றச்சாட்டு. நேர்மையான தராசில் நிறுத்தபோது வெரோனாவின் எடை இவ்வளவு என்றுதான் அதற்கு அர்த்தம். இதைச் சொல்பவர்கள் பலரும் கவனிக்காத விஷயம் இது.

இரண்டாவது குலுக்கல்

பட்டம் உறுதியான பதினேழாம் நாள், 29 மே 1985. பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் யூவென்டஸுக்கும் லிவர்பூலுக்கும் ஐரோப்பியக் கோப்பை இறுதி. ஆட்டம் தொடங்கும் முன்பே கூட்ட நெரிசலில், சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் இத்தாலியர்கள். அதற்குப் பிறகும் மேட்சை நடத்தினார்கள். பிளாட்டினியின் பெனால்ட்டியில் யூவென்டஸ் ஜெயித்தது.

அப்போதெல்லாம் ஐரோப்பியக் கோப்பைக்கு ஒரு நாட்டிலிருந்து ஒரு சாம்பியன்தான் போக முடியும். கூடவே, கோப்பையை வைத்திருக்கும் அணிக்கும் இடம் உண்டு. ஆக 1985-86-ல் இத்தாலிக்கு இரண்டு இடம்: லீக் சாம்பியன் வெரோனா, கோப்பை சாம்பியன் யூவென்டஸ்.

வெரோனா அங்கே போய்ச் சேர்ந்தபோது அது பழைய வெரோனா இல்லை. ஃபான்னாவும் மரங்கோனும் இன்டருக்குப் போய்விட்டார்கள். கரெல்லா நாப்போலிக்கு. சின்ன கிளப் ஜெயித்தால் பெரிய கிளப் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போவது அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே கதைதான். முதல் சுற்றில் கிரீஸின் பாவோக் அணி. 'கிரேக்கம்' என்று பெயர் வைத்த கிளப்புக்கு முதல் எதிரி ஒரு கிரேக்க கிளப்! இரண்டு மேட்சும் சேர்த்து 5-2 என்று வெரோனா ஜெயித்தது.

இரண்டாம் சுற்றுக்குக் குலுக்கல் போட்டார்கள். ஒரே நாட்டு அணிகளைப் பிரித்து வைக்கும் விதி எதுவும் இல்லை. ஐரோப்பா முழுக்க இருந்து வந்த அணிகளுக்குள், வெரோனாவுக்கு வந்த சீட்டு யூவென்டஸ்.

அக்டோபர் 23, வெரோனாவில் 0-0. நவம்பர் 6, டூரின். ஹெய்சலுக்காக யூவென்டஸுக்கு விதித்த தண்டனைப்படி அந்த மேட்ச் பூட்டிய மைதானத்தில், ரசிகர்கள் இல்லாமல் நடந்தது. தண்டனை யூவென்டஸுக்கு. ஆனால் கிளப்பின் வரலாற்றிலேயே பெரிய ராத்திரியில் வெரோனா ரசிகர் ஒருவர்கூட உள்ளே போக முடியவில்லை.

நடுவர் பிரான்ஸைச் சேர்ந்த ரொபேர் வுர்ட்ஸ். முதல் பாதியில் யூவென்டஸுக்குப் பெனால்ட்டி, பிளாட்டினி போட்டார். இரண்டாம் பாதித் தொடக்கத்தில் செரேனா இன்னொன்று. யூவென்டஸின் பெனால்ட்டி பகுதிக்குள் செரேனாவின் கையில் பந்து பட்டது என்று வெரோனா கத்தியது. நடுவர் பெனால்ட்டி தரவில்லை. 2-0. கதை முடிந்தது.

மேட்ச் முடிந்து உடை மாற்றும் அறையில் கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டுப் போலீஸ் வந்தது. அளந்து பேசும் பன்யோலி அவர்களிடம், திருடர்களைத் தேடுகிறீர்கள் என்றால் அவர்கள் அந்தப் பக்கத்து அறையில் இருக்கிறார்கள் என்றாராம். இத்தாலியில் இன்றுவரை சொல்லப்படும் வரி அது.

யூவென்டஸ் அடுத்த சுற்றிலேயே பார்சலோனாவிடம் தோற்றது. ஹெய்சலுக்குப் பிறகு இங்கிலாந்து கிளப்புகளுக்குத் தடை, அதனால் அந்த வருஷம் எவர்ட்டன் கிடையாது. கோப்பையை வென்றது ருமேனியாவின் ஸ்டெயாவ்வா புக்கரெஸ்ட், யாரும் எதிர்பார்க்காத ஓர் அணி. சின்ன அணி ஒன்று ஐரோப்பாவை ஜெயிக்கக் கதவு திறந்திருந்த வருஷம் அது. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வெரோனா அந்த லீக் சீசனைப் பத்தாவது இடத்தில் முடித்தது. 1990-ல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கி, 1991-ல் திவாலாகி, பின்னாளில் மூன்றாம் பிரிவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அந்தப் பெரிய போட்டிக்கு மறுபடி போகவே இல்லை. மொத்தம் நான்கு மேட்ச். அதில் கடைசி மேட்சை அவர்கள் ரசிகர்கள் யாரும் மைதானத்தில் இருந்து பார்க்கவில்லை.

முதல் குலுக்கல் வெரோனாவுக்கு எதையும் கொடுக்கவில்லை என்பது என் கட்சி. அது வழியிலிருந்து விலகி நின்றது, மீதியை அவர்கள் செய்துகொண்டார்கள். இரண்டாவது குலுக்கல்தான் நிஜமாகவே குலுக்கல். ஆனால் பாருங்கள், அதிர்ஷ்டக்காரர்கள் என்ற பெயர் மட்டும் முதலாவதற்காக வெரோனாவுக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டாவதில் போன துரதிர்ஷ்டத்தை யாரும் கணக்கில் எழுதவில்லை.