எட்டாம் திங்கள் மீது சுமத்திய பழி

ஏழாம் திங்களில் பிறந்த குழந்தை பிழைக்கும். எட்டாம் திங்களில் பிறந்தது தங்காது. இப்படியொரு தீர்ப்பை நம் ஊர்த் திண்ணைகளில் இன்றும் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் மட்டுமல்லர், பட்டம் பெற்றவரும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். தாயின் வயிற்றில் ஒரு திங்கள் கூடுதலாக வளர்ந்த பிள்ளை நலிந்ததாகவும், அதனினும் இளையது வலியதாகவும் இருப்பது எப்படி என்று கேட்டால் விடை வராது. "பெரியவர்கள் சொன்னார்கள்" என்பது மட்டும் வரும்.

எந்தப் பெரியவர்கள்? இது நம் நாட்டுச் சரக்கு மட்டுமன்று. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கம் இதை நம்பிற்று. இப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் மருத்துவ ஏடுகளுள் எட்டுத் திங்கள் கருவைப் பற்றித் தனி நூலே உண்டு. எட்டாம் திங்களில் கரு வயிற்றுக்குள்ளேயே நோயுறுகிறதாம். அந்நோயோடு பிறப்பின் துன்பமும் சேர்வதால் மடிகிறதாம். ஏழு என்னும் எண்ணைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய எண் மயக்கமும் இதற்குத் துணை நின்றது. நம் சோதிடர்களுக்கு மூத்த உறவினர் ஏதென்சில் இருந்தனர் என்று அறிக!

ஆயினும் அதே கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் ஒன்றைக் கவனித்து எழுதினார். எகிப்தில் எட்டுத் திங்கள் குழந்தைகள் பிழைத்து வளர்கின்றன. கிரேக்கத்திலோ பெரும்பாலும் இறக்கின்றன. அங்கே தப்பித் தவறி ஒன்று பிழைத்துவிட்டால், இது எட்டாம் திங்கள் பிள்ளையன்று, முன்பே கருவுற்றதை அறியாமல் இருந்துவிட்டோம் என்று தாய் எண்ணிக்கொள்கிறாள் என்றார். மூடநம்பிக்கை சாகாமல் வாழும் வழியை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா? குழந்தை இறந்தால் நம்பிக்கை மெய். பிழைத்தால் கணக்குப் பொய்!

கணக்கு என்றோம். பத்துத் திங்கள் சுமப்பது என்பது இருபத்தெட்டு நாள் திங்களைக் கொண்டு. மொத்தம் 280 நாள், 40 வாரம். இக்கணக்கில் எட்டாம் திங்கள் 32 வாரத்தோடு முடியும். நாட்காட்டித் திங்களைக் கொண்டால் ஏறத்தாழ 35 வாரம் வரை போகும். எந்த எட்டைக் குறை கூறுகிறோம் என்பதே குறை கூறுவோர்க்குத் தெரியாது.

இனி மெய்யான காரணத்துக்கு வருவோம். முன்கூட்டிப் பிறந்த பிள்ளையைக் கொல்வது குளிர், கொல்வது மூச்சு. குளிரை முதலில் வென்றார்கள். 1880ஆம் ஆண்டையொட்டிப் பாரிசில் தார்னியே என்ற மகப்பேற்று மருத்துவர், உயிரியல் பூங்காவில் கோழிக்குஞ்சு பொரிக்கும் வெப்பப் பெட்டியைக் கண்டு, அதுபோலவே குழந்தைக்கும் ஒன்று செய்வித்தார். இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 66 இறந்த நிலை 38 என்று குறைந்தது. பெட்டிக்கு வசதியில்லாத கொலம்பியாவின் பொகோட்டா நகரில், 1970களின் இறுதியில், தாயின் மார்போடு தோலோடு தோலாகக் குழந்தையை அணைத்துவைக்கும் முறை பிறந்தது. அது இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. தாயின் மார்புக்கு மின்சாரம் வேண்டியதில்லை அல்லவா?

மூச்சு எளிதில் பிடிபடவில்லை. நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஒரு வழவழப்பான பொருள், கருவின் கடைசி வாரங்களில்தான் போதிய அளவு சுரக்கிறது. முன்கூட்டிப் பிறந்தோர்க்கு அது போதாமையே மூச்சுத் திணறலுக்குக் காரணம் என்பதை 1959இல் பாஸ்டன் நகரில் மேரி எல்லன் ஏவரி என்னும் பெண் மருத்துவரும் அவருடன் உழைத்த ஜியர் மீடும் கண்டுரைத்தனர். காரணம் தெரிந்தது, மருந்து இல்லை. நான்கே ஆண்டுகளில், 1963 ஆகஸ்ட் 7 அன்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முந்தி ஒரு மகன் பிறந்தான். பாட்ரிக் என்று பெயரிட்டு, அதே பாஸ்டனுக்குக் கொண்டு சென்றனர். 39 மணி நேரத்தில் அவன் மூச்சு நின்றது. உலகின் வலிமை மிக்க ஆட்சித் தலைவனின் செல்வமும் அதிகாரமும் அந்தச் சின்னஞ்சிறு நுரையீரலை விரிக்கப் பயன்படவில்லை.

வழி ஆட்டுக் கொட்டிலிலிருந்து வந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர், பிறப்பைத் தூண்டுவது எது என்று ஆடுகளைக் கொண்டு ஆராய்ந்துகொண்டிருந்தார். ஊக்கியொன்றைப் பெற்று மிக முந்திப் பிறந்த ஒரு குட்டி, இறந்து கிடக்க வேண்டியது, மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது! அதன் நுரையீரல் ஓரளவு விரிந்திருந்தது. அவரும் ஹோவி என்ற குழந்தை மருத்துவரும் முந்திப் பேறு நேரவிருந்த 282 தாய்மாரிடம் ஆய்வு நடத்தி, 1972இல் வெளியிட்டனர். தாய்க்கு ஊசி போட்டபோது, குழந்தைகளின் மூச்சுத் திணறல் நூற்றுக்கு ஏறத்தாழ 26 என்பதிலிருந்து 9 ஆயிற்று. விலை மலிந்த மருந்துதான். எனினும் மருத்துவ உலகம் இதைப் பொதுவழக்காக ஏற்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அமெரிக்க நலவாழ்வுக் கழகம் பரிந்துரைத்தது 1994இல்தான். தயக்கம் திண்ணைக்கு மட்டும் உரியதன்று போலும்.

இன்று பாட்ரிக்கின் வயதில் பிறக்கும் குழந்தை, நல்ல மருத்துவமனையில் பிறந்தால், பெரும்பாலும் பிழைக்கிறது. ஏழாம் திங்கள் பிள்ளையினும் எட்டாம் திங்கள் பிள்ளைக்கே வாய்ப்பு மிகுதி. ஆனால் அந்த ஊசி முழுப் பயன் தர ஏறத்தாழ ஒருநாள் வேண்டும். எட்டாம் திங்களில் வலி கண்டவளைச் சுற்றி அமர்ந்து, தங்காத பிள்ளைக்கு ஏன் அலைச்சல் என்று பெருமூச்சு விடும் வீட்டில் கழிவது அந்த ஒருநாள்தான். வளைகாப்பு முடித்துத் தாய்வீடு செல்லும் பெண்ணின் கையில், அவளுடைய கடைசி மாதவிலக்கு நாளை எழுதிக் கொடுத்தனுப்புங்கள். நீர் உடைதல், குருதி கசிதல், விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம், குழந்தையின் அசைவு குறைதல், கடுந்தலைவலியோடு பார்வை மங்கல். இவற்றுள் ஒன்று கண்டாலும், பஞ்சாங்கத்தைப் புரட்டாமல் 108 ஊர்தியை அழைத்து, பச்சிளங்குழந்தைத் தீவிர மருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே கொண்டு செல்லச் சொல்லுங்கள்.