செல்லாத விவாகமும் முறிந்த விவாகமும்

சேத்தியாத்தோப்பு போன்ற ஊர்ச்சபைகளில், கணவனைப் பிரிந்துவந்த மகளுக்காகப் போதகரிடம் வரும் பெற்றோர் பலர், விவாகரத்து என்னும் பெயர் வேண்டாம், விவாகமே செல்லாதென்று தீர்ப்புப் பெற வழியுண்டா என்றே வினவுவர். இவ்வினாவுக்கு வெட்கம் மட்டும் காரணமன்று. 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டமும் காரணமாகும்.

அச்சட்டம் கணவனுக்கு ஒரு நீதியும் மனைவிக்கு வேறொரு நீதியும் வகுத்தது. மனைவியின் விபசாரத்தை மெய்ப்பித்தாலே கணவன் விடுதலை பெற்றான். மனைவியோ, கணவனின் விபசாரத்தோடு கொடுமையையோ ஈராண்டுக் கைவிடலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. கொடியவன் விபசாரக்காரன் அல்லனெனில், அவளுக்கு நீதிமுறைப் பிரிவு மட்டுமே கிட்டும், மறுமணத்திற்கு இடமில்லை. கடலூரில் மாவட்ட நீதிபதி அளித்த தீர்ப்பையும் ஆறு மாதமேனும் கழித்துச் சென்னை உயர்நீதிமன்றம் உறுதிசெய்தாக வேண்டும்.

ஆகவே மக்கள் மற்றக் கதவை நாடியதில் வியப்பில்லை. ஆனால் அக்கதவு மிகக் குறுகியது. தாம்பத்திய இயலாமை, விலக்கப்பட்ட உறவுமுறை, விவாக வேளையில் சித்தசுவாதீனமின்மை, முந்தைய விவாகம் நிலைபெற்றிருத்தல், வஞ்சனையாலோ பலவந்தத்தாலோ பெற்ற சம்மதம் ஆகியவையே அதற்குரிய காரணங்கள். விவாகத்திற்குப் பின் நேர்ந்த கொடுமை எதுவும் அதில் அடங்காது. 1985இல் உச்சநீதிமன்றம் விசாரித்த வழக்கில், கிறிஸ்தவப் பெண்மணி ஒருவர் கணவரின் இயலாமையைக் காட்டிச் செல்லாமை கோரியிருந்தார்; கீழே கிடைத்ததோ, கொடுமையின்பேரில் பிரிவு மட்டுமே. விவாகம் அடியோடு முறிந்ததெனக் கண்ட நீதிபதிகளும் அதனைக் கலைக்கச் சட்டத்தில் வழி காணாமல், சட்டத் திருத்தத்தையே வற்புறுத்தினர்.

உரோமை சபைக்குத் தனித் தீர்ப்பாயங்கள் உண்டு. எனினும் அவற்றின் தீர்ப்பு நாட்டுச் சட்டத்தின்படி விவாகத்தை நீக்காதென 1996இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. லுத்தர் விவாகத்தை உலக ஆளுகைக்குரிய காரியமென்றே கருதினார். அவ்வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் போதகர் எழுதும் கடிதமும் எவரையும் விடுவிக்காது.

2001ஆம் ஆண்டுத் திருத்தம் இருபாலரையும் சமமாக்கியது. கொடுமையும் கைவிடலும் தனித்தனியே போதுமான காரணங்களாயின. இருவர் சம்மதத்தால் பிரியவும் வழி திறந்தது. உயர்நீதிமன்ற உறுதியும் தேவையற்றதாயிற்று. ஆதலால் செல்லாமையை நாடுவோரிடம், பிள்ளைகள் உண்டா என்று போதகர் முதலில் கேட்பதே நலம். விவாகரத்து, நிகழ்ந்த விவாகத்தை முடிக்கிறது. பிள்ளைகளின் நிலையைத் தொடுவதில்லை. செல்லாமையோ விவாகம் இருந்ததையே மறுக்கிறது. முந்தைய துணை இறந்ததாக நம்பி நல்லெண்ணத்தோடு செய்த மணத்தின் பிள்ளைகளுக்கும், சித்தசுவாதீனமின்மையால் செல்லாதான மணத்தின் பிள்ளைகளுக்கும் மட்டுமே அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு வாரிசுரிமையைக் காக்கிறது. அதுவும் மணம்செய்யத் தகுதியுடையவராயிருந்த பெற்றோரின் சொத்தில் மட்டுமே.