எறும்புக்குக் களஞ்சியம் உண்டா?

போன வருஷம் மே விடுமுறைக்கு வந்த பேரன், "தாத்தா, எறும்பு வளர்க்கலாமா?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "எறும்பு வரக்கூடாதுன்னு நாற்பது வருஷமா அலமாரிக் காலுக்குக் கிண்ணத்துல தண்ணி ஊத்தி வைக்கிறேன். தாத்தாவும் பேரனும் கூப்பிட்டுக் குடி வைக்கிறீங்களா?"

ஆனாலும் வளர்த்தோம். படத்துக்குச் சட்டம் போடும் கடையில் ஒரே அளவில் இரண்டு கண்ணாடி வாங்கி, நடுவில் அரை அங்குல இடைவெளி விட்டு மரச்சட்டம் அடித்தேன். வேங்கிக்கால் ஏரிக்கரை மண்ணைச் சலித்து நிரப்பினோம். வேப்பமரத்தடியிலிருந்து ஐம்பது அறுபது எறும்புகளைப் பிடித்து விட்டு, பெட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைத்தோம். அலமாரியில் ஏறவிடாமல் தடுத்த அதே தண்ணீர், இப்போது வெளியே போகவிடாமல் தடுத்தது.

இரண்டு நாள் மும்முரமாகச் சுரங்கம் தோண்டின. மூன்றாவது வாரம் ஒன்றுகூட மிச்சமில்லை. பேரன் முகம் வாடி ஊருக்குப் போனான். எங்கே தப்பு செய்தோம் என்று தெரிந்துகொள்ளத்தான் எறும்பைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். தப்பு எளிமையானது. கூட்டத்தில் முட்டையிடும் ராணி இல்லை. வேலைக்கார எறும்புகள் ஒவ்வொன்றாகச் சாகும். புதிதாகப் பிறக்க வழியில்லை. ஆனால் படிக்கப் படிக்க வேறொரு கதை கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் முதலில் மனப்பாடமாவது லா ஃபோந்தேனின் சில்வண்டும் எறும்பும் கதைதான். 1668இல் வெளிவந்த அவருடைய நூலின் முதல் கதையே அதுதான். கோடையெல்லாம் பாடித் திரிந்த சில்வண்டு, பனிக்காலத்தில் பசியோடு எறும்பிடம் கடன் கேட்கப் போகும். தானியம் சேர்த்து வைத்திருக்கும் எறும்பு கேலி செய்து விரட்டிவிடும். "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று ஆசிரியர் கேட்டபோது, "எறும்பு கருமி" என்று சொல்லி, கை நீட்டி ஸ்கேலால் அடி வாங்கினேன்.

எனக்குத் தெரியாத விஷயம், அந்தக் கதையின் அடிப்படையையே ஐரோப்பாவின் பெரிய அறிஞர்கள் நூறு வருஷத்துக்கு மேல் நம்ப மறுத்தார்கள் என்பது. எறும்பு தானியம் சேர்க்கும் என்று பைபிளில் சாலமோன் சொல்லியிருக்கிறார். கிரேக்கத்து ஈசாப்பும் சொல்லியிருக்கிறார். ஆனால் 1747இல் இங்கிலாந்தின் எறும்புகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய வில்லியம் கூல்டு அதை ஏற்கவில்லை. 1810இல் ஜெனீவாவில் பியேர் யூபேர் எழுதிய நூல் எறும்பு ஆராய்ச்சிக்கே அடித்தளம். கண்ணாடி பொருத்திய கூடுகளில் எறும்புகளை வைத்துப் பொறுமையாகப் பார்த்தவர் அவர். எறும்பு களஞ்சியம் வைப்பதில்லை என்று அவரும் எழுதினார். கூட்டுப்புழுவைத் தூக்கிக்கொண்டு ஓடும் எறும்பைப் பார்த்துவிட்டு, அதைத் தானியம் என்று பழங்காலத்தார் நினைத்துவிட்டார்கள் என்பது அன்றைய விளக்கம்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஊர்க் குளிரில் எறும்பு பனிக்காலம் முழுக்க விறைத்துக் கிடக்கும். அதற்குத் தானியம் எதற்கு? தங்கள் தோட்டத்து எறும்பைப் பார்த்துவிட்டு உலகத்து எறும்புக்கெல்லாம் தீர்ப்பு எழுதியதுதான் பிழை.

அந்தத் தீர்ப்பைத் திருத்தியது நம் நாட்டு எறும்பு. 1829 ஜூன் மாதம், பூனாவில் காலை நடை போன கர்னல் சைக்ஸ், அணிவகுப்பு மைதானத்துக்குப் பக்கத்துத் தரிசு நிலத்தில் சின்னச் சின்னக் குவியல்களைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி புல் விதை. பருவமழையின் முதல் நீர் புற்றுக்குள் இறங்கிவிட, வெயில் வந்த முதல் நாளிலேயே எறும்புகள் விதைகளை மேலே கொண்டுவந்து காயப்போட்டிருந்தன. சைக்ஸ் பம்பாய் அரசுக்குப் புள்ளிவிவரம் திரட்டிய அதிகாரி, கணக்கில் கறாரானவர். ஐரோப்பிய அறிஞர்கள் சொன்னதற்கு இது நேர் எதிர் என்பது தெரிந்ததால், பார்ப்பது விதைதானா, கூட்டுப்புழுவா என்று நன்றாகச் சோதித்த பிறகுதான் எழுதினார்.

அடுத்த சாட்சி நம் சென்னை மாகாணத்துக்காரர். தாமஸ் ஜெர்டன், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் மருத்துவர். நெல்லூரிலும் தலைச்சேரியிலும் வேலை பார்த்தவர். பறவை ஆர்வலர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். அழிந்தே போய்விட்டது என்று எண்ணியிருந்து, 1986இல் கடப்பைப் பக்கம் மறுபடி கண்டுபிடிக்கப்பட்ட பறவைக்கு அவர் பெயர்தான். அவர் 1851இல் தென்னிந்திய எறும்புகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்து, சென்னை இலக்கியச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். அந்தச் சங்கம் இன்றும் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கிறது.

பட்டியலில் இந்த எறும்பைப் பற்றி ஜெர்டன் எழுதியிருப்பது, விதை பறிகொடுத்த தோட்டக்காரரின் புலம்பல் மாதிரியே இருக்கும். முட்டைக்கோஸ், முள்ளங்கி, கேரட், தக்காளி என்று எந்த விதையையும் விட்டுவைக்காது. லெட்டூஸ் கீரை விதை என்றால் அதற்கு உயிர். தொட்டியை உறியில் மாட்டாவிட்டால் ஒரே ராத்திரியில் விதைத்தது அத்தனையும் போய்விடும். அவருடைய அறைக்குள் இருந்த விதைப் பொட்டலங்களையே காலி செய்திருக்கின்றன. மழைக்காலம் முடியும்போது அவை விதையை வெளியே கொண்டுவந்து போடுவதை அவரும் கண்டார். ஆனால் சில குவியல்களில் வெறும் உமிதான் இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதினார். கடைசியில் ஒரு கேள்வியை அப்படியே விட்டுவிட்டார். இந்த விதையை அவை தின்கின்றனவா, குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றனவா, தனக்குத் தெரியவில்லை என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது ஒரு கண்ணாடி ஜாடியில். மொக்ரிட்ஜ் என்ற இளைஞர், நுரையீரல் நோய்க்காகப் பனிக்காலங்களில் பிரான்சின் தென்கோடியில் கடலோரம் இருக்கும் மான்தோன் ஊரில் தங்குவார். சைக்ஸும் ஜெர்டனும் எழுதியதைப் படித்தவர். அங்கே புற்றுகளைத் தோண்டி, விதை நிறைந்த அறைகளைக் கண்டார். ஒரு கூட்டத்தை ஜாடியில் குடிவைத்து, எறும்புகள் விதையின் மாவைச் சுரண்டித் தின்பதைத் தன் கண்ணால் பார்த்தார். 1873இல் புத்தகம் வந்தது. அடுத்த ஆண்டே, 32 வயதில் இறந்துபோனார். லா ஃபோந்தேனின் சொந்த நாட்டிலேயே எறும்புக்குக் களஞ்சியம் இருந்திருக்கிறது!

அதற்குப் பிறகு வீட்டில் எறும்பு வளர்ப்பது ஒரு கலையாகவே ஆனது. ஜான் லப்பக் என்ற லண்டன் வங்கியாளர் இரண்டு கண்ணாடிக்கு நடுவே மண் போட்டு வளர்த்தார். நாங்கள் செய்த பெட்டி அவருடைய பெட்டியின் பேரப்பிள்ளைதான். 1874இல் பிடித்த ஒரு ராணி எறும்பு அவரிடம் 1888 வரை உயிரோடு இருந்தது. வங்கி விடுமுறைச் சட்டத்தை 1871இல் கொண்டுவந்தவரும் இவரே. வங்கியில் வேலை பார்த்த நண்பர்கள் நன்றியோடு நினைக்கலாம். பிரெஞ்சுப் பொறியாளர் ஷார்ல் ஜானே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அறைகள் வார்த்து, ஒரு பக்கம் ஈரமும் மறுபக்கம் காய்ச்சலுமாகக் கூடு செய்தார். எறும்பு தனக்குப் பிடித்த ஈரத்தைத் தானே தேர்ந்துகொள்ளும்.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு நாள் ராத்திரி, டியூப் லைட்டைச் சுற்றிச் சிறகு முளைத்த எறும்புகள் வந்து விழுந்தன. அதில் ஒன்று திண்ணையில் தன் சிறகைத் தானே முறித்துப் போட்டது. ராணி அப்படிச் செய்யும் என்பதை, வெப்பமானிக்குத் தன் பெயரைக் கொடுத்த ரெயோமூர் 1740களிலேயே எழுதி வைத்தார். அந்தக் கையெழுத்துப் படி 1926 வரை அச்சேறவில்லை. நான் அந்த ராணியை ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டேன். அடியில் தண்ணீர், அதன்மேல் பஞ்சு. தீனி எதுவும் தேவையில்லை. இனி வேண்டாத சிறகுத் தசையைக் கரைத்தே முதல் குஞ்சுகளை வளர்த்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல் இருட்டில் வைத்தேன். ஒரு நாள் துணியை விலக்கினால், கடுகைவிடச் சின்னதாக நாலு எறும்பு.

தை மாதம் அவற்றை ஜானே முறையில் வார்த்த பிளாஸ்டர் கூட்டுக்கு மாற்றினேன். சில நாளில் பெரிய தலைக்காரர்களும் பிறந்தார்கள். தினையும் கேழ்வரகும் போட்டேன். உள்ளறையில் கொண்டுபோய் அடுக்கின. பெரிய தலைக்காரர்கள் உடைக்க, சின்னவை தின்றன. உமி தனியாக ஒரு மூலையில். ஜெர்டன் பார்த்த உமி! ஒரு நாள் காலை கை தவறித் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டேன். சாயங்காலத்துக்குள் நனைந்த தினை முழுக்கக் காய்ந்த அறைக்குப் போயிருந்தது. மனைவியும் வந்து பார்த்தாள். "இதுக்கா புஸ்தகம்? எங்க ஆயா களத்துல உட்கார்ந்து இதைத்தானே சொல்லும்" என்றாள்.

அந்த வார்த்தை என்னை உறுத்தியது. மழைக்கு முன் முட்டையோடு மேட்டுக்கு ஏறும் எறும்பு வரிசையைப் புறநானூற்றுப் புலவர் பார்த்திருக்கிறார். வாசலில் அரிசிமாவுக் கோலம் போட்ட பெண்கள் தினமும் பார்த்தார்கள். ஆனால் சைக்ஸ் எழுதிய பிறகுதான் அது சாட்சியம் ஆனது.

நான் எழுத்தராக இருந்த காலத்தில், முதியோர் உதவித்தொகை கேட்டு ஒரு மூதாட்டி மனு கொடுத்தார். பிறப்புச் சான்று இல்லை. "முதல் யுத்தம் முடியுறப்ப வந்த விஷக்காய்ச்சல்ல எங்கம்மா செத்துப்போச்சு. நான் அப்ப ஓடியாடுற பொண்ணு" என்றார். அந்தக் காய்ச்சல் 1918 என்பது எனக்குத் தெரியும். கணக்குப் போட அரை நிமிஷம் போதும். நான் "வயதுக்கு ஆதாரம் இல்லை" என்று எழுதி மனுவைத் திருப்பினேன். அவர் மறுபடி வரவில்லை. கூல்டும் யூபேரும் பிழை செய்தார்கள் என்று படித்தபோது எனக்கு நினைவு வந்தது அந்த அம்மாவின் முகம்தான்.

இப்போது மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி போட்டு, பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். தெரியாததற்குப் பக்கத்தில் ஜெர்டன் மாதிரி "தெரியவில்லை" என்று எழுதுகிறேன். பேரன் ஞாயிற்றுக்கிழமை போனில், "இப்ப எத்தனை எறும்பு தாத்தா?" என்பான். எண்ணிக்கை என் கையை விட்டுப் போய் வெகுநாள் ஆயிற்று.

தானியம் சேர்க்கும் இந்தச் சின்ன எறும்புக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? உங்கள் ஆயா, அப்பாயி சொல்லக் கேட்டிருந்தால் எழுதுங்கள். சான்று எதுவும் கேட்க மாட்டேன்.